வட்டிக்காசு, கடைக் கொப்பி, வாரக் கடன்: எதை முதலில் அடைப்பது?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் கடன் ஒற்றையாக வருவதில்லை. கடையில் கடனுக்கு வாங்கும் சாமானை எழுதும் ஒரு கொப்பி ஓடும். வாரத்துக்கு ஒருநாள் கூட்டம் கூடிக் கட்டுகிற கடன் ஒன்று இருக்கும். அவசரத்துக்கு வாங்கிய வட்டிக்காசு, வங்கியில் அடகில் கிடக்கும் சங்கிலி, சம்பளத்தில் மாதாமாதம் கழிகிற தீபாவளி முற்பணம் என்று நாலைந்து சேர்ந்தே இருக்கும். கையில் மிஞ்சுவதோ மாதத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம். அந்த ஆறாயிரத்தை எதன் தலையில் போடுவது என்பதுதான் கேள்வி. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் அதுதான் ஆக மோசமான வழி. ஒன்றும் முடியாது, வட்டி மட்டும் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டி வீதத்தை மட்டும் பார்த்து வரிசை போட்டால் பாதிக் கணக்குத்தான் சரிவரும். மறுபாதி தேதியில் இருக்கிறது. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் தேதியை ஒட்டி ஒருமுறை வருகிறது. கடன் வாராவாரம் கதவைத் தட்டுகிறது. பேர் விழுவதோ, அதாவது ஒரு நாள் வேலை பதிவாவதோ, மழையையும் வெயிலையும் பொறுத்தது. இந்த மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் புதுக்கடன் முளைக்கிறது.

முதலில் சம்பளச் சிட்டை

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதன் பிறகு வந்த உயர்வும் கொடுப்பனவும் உங்கள் சிட்டையில் எப்படி விழுகிறதோ அதையே கணக்குக்கு எடுங்கள். இங்கே உதாரணத்துக்கு 1,350ஐயே வைத்துக்கொள்வோம். 20 பேர் விழுந்தால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,160 போகும். பிறகு சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், முற்பணக் கழிவு. இவற்றையெல்லாம் கழித்து அடியில் நிற்கும் தொகைதான் உங்கள் சம்பளம். திட்டம் போடும்போது மேலே இருக்கும் மொத்தத்தைப் பார்த்துப் போடுகிறவர்கள் மூன்றாம் மாதமே தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று. கடைசி பன்னிரண்டு சிட்டைகளை விரித்துப் போட்டு, ஆகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியை எடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் பனியும், கொழுந்து வராது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றுக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும், கைக்காசும் சேரும். அந்த மாதச் சிட்டையைப் பார்த்துத் தவணைக்குத் தலையாட்டினால் வெயில் மாதத்தில் அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டி வரும். மெலிந்த மாதத்துக்குத் திட்டம் போடுங்கள், கொழுத்த மாதத்தில் மிஞ்சுவதை அடைப்புக்குத் தள்ளுங்கள்.

வட்டிக்காசா, கடைக் கொப்பியா?

ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து மாத வட்டியில் 25,000 ரூபாய். மாதம் 2,500 வட்டி கட்டியும் வாங்கிய முதல் தொகை அப்படியே நிற்கிறது. கடைக் கொப்பியில் மாதம் 12,000 ரூபாய்க்குச் சாமான் ஏறுகிறது, சம்பளத்தன்று அடைபடுகிறது, மறுநாளே திரும்ப ஏறத் தொடங்குகிறது. அந்த ஒரு மாதப் பாக்கியான 12,000ஐத் தீர்த்து, காசுக்கு வாங்கத் தொடங்குவதுதான் கடைக்கணக்கை முடிப்பது. வட்டிக்காக ஒதுக்கும் 2,500 தவிர மாதம் 6,000 மிஞ்சுகிறது. ஆக அடைப்புக்குக் கையில் இருப்பது மாதம் 8,500.

முதல் வழி, முழுவதையும் வட்டிக்காரருக்குக் கொடுப்பது. முதல் மாதம் வட்டி 2,500 போக முதலில் 6,000 குறைந்து 19,000 ஆகும். அடுத்த மாதம் வட்டி 1,900தான், முதலில் 6,600 குறையும். மூன்றாம் மாத முடிவில் 5,140 நிற்கும். நாலாம் மாதம் அது முடிந்து 2,846 ரூபாய் கடைப்பக்கம் திரும்பும். ஆறாம் மாதம் 654 ரூபாயோடு கடைக்கணக்கும் தீரும். கட்டிய மொத்த வட்டி 6,154.

இரண்டாம் வழி, சின்னதை முதலில் முடிப்பது. இரண்டு மாதத்தில் கடைக்கணக்கு தீர்ந்துவிடும். மனசுக்கு ஒரு தெம்பு. பிறகு வட்டிக்காசு. இதுவும் அதே ஆறாம் மாதம்தான் முடிகிறது, ஆனால் வட்டி 11,154. அந்தத் தெம்பின் விலை 5,000 ரூபாய்.

ஆனால் கடைக்கணக்குக்கும் ஒரு மறைவான வட்டி உண்டு. கொப்பிக்கு வாங்கும் சாமானும் டவுனில் காசுக்கு வாங்கும் சாமானும் ஒரே விலை அல்ல. எவ்வளவு வித்தியாசம் என்று ஊகிக்க வேண்டாம். அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய்த்தூள், டின்மீன், கருவாடு, சவர்க்காரம் ஆகிய பத்துச் சாமானின் கொப்பி விலையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அரசாங்கக் கடையான சதொசவிலோ டவுன் கடையிலோ உள்ள காசு விலையை எழுதுங்கள். பஸ் காசையும் சேருங்கள். வித்தியாசம் 8 சதவீதம் என்றால், கடையை முதலில் முடிப்பதால் அந்த ஆறு மாதத்தில் மிஞ்சுவது சுமார் 3,200 ரூபாய். வட்டிக்காரரை முதலில் முடித்தால் மிஞ்சுவது 5,000. எனவே வட்டிக்காசுதான் முதலில். வித்தியாசம் 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் தீர்ப்பு மாறும். டவுனுக்குப் பாதை கெட்ட மேற்கணக்குகளில், அதாவது தோட்டத்தின் மேல்மலைப் பிரிவுகளில், அப்படி மாறுவது ஒன்றும் அதிசயமல்ல.

இந்தக் கணக்கு பலிக்க வட்டிக்காரர் முதலைப் பகுதி பகுதியாக வாங்க வேண்டும். பலர் வாங்குவதில்லை. "முதலை முழுசா கொண்டாங்க, அதுவரைக்கும் வட்டியை மட்டும் குடுங்க" என்பார்கள். அவர்களுக்கு வட்டிதானே வருமானம். அப்படியானால் 25,000 சேரும்வரை மாதாமாதம் 2,500 கரையும். காசைச் சும்மா சேர்த்து வைப்பதைவிட, முதல் இரண்டு மாதம் கடையை முடித்து, அதில் மிஞ்சுவதையும் சேர்த்துக் குவிப்பது நல்லது. அதைவிட நல்லது, வேறு மலிவான கடன் எடுத்து அதை ஒரே நாளில் வெட்டிவிடுவது. அதைக் கீழே பார்ப்போம்.

முதல் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்தால், அன்றைக்கே "முதலில் 6,000 வரவு, மீதி 19,000" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சும்மா கொடுத்துவிட்டு வந்தால் அது வட்டிக் கணக்கில் போய்விடும். கொடுத்து வைத்த வங்கி அட்டையோ அடையாள அட்டையோ இருந்தால் அதை மீட்பதும் பேச்சில் சேர வேண்டும்.

கொப்பியை மூடுவது எப்படி

கொப்பியை மூட முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே அடியாக மூடப் பார்த்துத் தோற்கிறார்கள். காரணம் ஒழுக்கக்கேடு அல்ல, கணக்கு. கொப்பிக்குச் சாப்பிடுகிற வீடு ஒரு மாதம் பின்னால் ஓடுகிறது. 10ஆம் தேதி கட்டுகிற 12,000, சாப்பிட்டு முடித்த மாதத்துக்கு. இனி வருகிற மாதத்துக்கும் காசுக்கு வாங்க வேண்டுமென்றால் அந்த ஒரு மாதத்தில் 24,000 வேண்டும். எந்த லயத்திலும், அந்த வரிசை வீடுகளில் எதிலும், அந்தக் காசு இல்லை.

வாரம் வாரமாகத் தாண்டுங்கள். 12,000 என்றால் வாரத்துக்கு 3,000. முதல் மாதம் பழைய 12,000ஐக் கட்டி, சம்பளம் வந்த முதல் வாரத்துச் சாமானை மட்டும் 3,000 ரூபாய்க் காசுக்கு வாங்குங்கள். மற்ற மூன்று வாரம் கொப்பிக்கு. அடுத்த மாதம் கொப்பியில் 9,000தான் இருக்கும். அதைக் கட்டி, இரண்டு வாரம் காசுக்கு. மூன்றாம் மாதம் கொப்பி 6,000, காசு 9,000. நாலாம் மாதம் கொப்பி 3,000, காசு 12,000. ஒவ்வொரு மாதமும் செலவு 15,000தான், வழக்கத்தைவிட 3,000 கூட. ஐந்தாம் மாதம் கொப்பியில் எழுத ஒன்றும் இருக்காது. மாதம் 6,000 போட முடிந்தால் இரண்டிரண்டு வாரமாகத் தாண்டி இரண்டே மாதத்தில் முடிக்கலாம்.

காசு வாரம் சம்பளத்துக்கு அடுத்த வாரமாக இருக்க வேண்டும். கடைசி வாரத்தைக் காசுக்கு என்று வைத்தால் அதற்குள் காசு வேறெங்கோ போயிருக்கும்.

பழைய பாக்கி பல மாதமாகக் கட்டாமல் ஏறி நிற்கிற வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கே கடைக்காரரிடம் நேராகப் பேச வேண்டும்: "மொதலாளி, பழைய கணக்கு அப்படியே நிக்கட்டும், அதுல மாசம் ரெண்டாயிரம் கழிச்சிருவோம். இனி வாங்குறது காசுக்கு." கொப்பியில் கோடு போட்டு, அன்றைய மீதியை இரண்டு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். அரிசி, மா மூட்டையை டவுனில் வாங்கினாலும் தேங்காய், தீப்பெட்டி, தூள் போன்ற சில்லறையை அவரிடமே காசுக்கு வாங்குவது நல்லது. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை கேட்டுத் தட்டப்போவது அந்தக் கடையின் கதவைத்தான்.

வாரக் கடன்

நுண்நிதிக் கடனை 2 சதவீத வட்டி என்று சொல்லித் தருவார்கள். 50,000 ரூபாய்க்கு மாதம் 2 சதவீதம், ஒரு வருடம். வட்டி 12,000, மொத்தம் 62,000, வாரத்துக்கு ஏறக்குறைய 1,192. வசூலில் 1,200. கேட்கச் சின்னதுதான். ஆனால் இது நிலையான வட்டி. 26ஆம் வாரத்தில் முதல் தொகையில் பாதி கட்டியாகிவிட்டது. ஆனாலும் வட்டி முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அது மாதம் ஏறக்குறைய 3.5 சதவீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுத்தார்கள் என்றால் இன்னும் கூட.

என்றாலும் இது பத்து வட்டியைவிட மலிவு. அதனால் முன்கூட்டி அடைக்கும் வரிசையில் இது இரண்டாவதோ மூன்றாவதோதான். இதன் தொல்லை வட்டியில் இல்லை, கிழமையில் இருக்கிறது. வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம். எட்டு மாதத்தில் நாலு தவணை. நாலு மாதத்தில் ஐந்து தவணை. 4,800 ஒதுக்கிப் பழகிய வீட்டில் திடீரென 6,000 கேட்கும்போது, அந்த 1,200க்குத்தான் பக்கத்து லயத்தில் கைமாற்று வாங்குகிறார்கள், அல்லது கொப்பியில் காசாகவே எடுக்கிறார்கள். இதற்கு மருந்து எளிது. சம்பளத்தன்றே 5,200ஐ எடுத்துத் தனியாக வையுங்கள். நாலு வார மாதத்தில் 400 மிஞ்சும், ஐந்து வார மாதத்தில் அது போகும். வருடக் கடைசியில் கணக்குச் சரியாக நிற்கும். கட்டுகிற நாளில் தேடுவது, சம்பளத்தன்று எடுத்து வைப்பது, இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் பல வீடுகளில் இரண்டாவது கடனுக்கும் கடனில்லாமைக்கும் இடையிலான வித்தியாசம்.

முன்கூட்டியே முடிக்கலாமா என்று கேட்டால், ஒரு கேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு வரும் உத்தியோகத்தரிடம், "சேர், இன்னைக்கே முழுசா முடிச்சா எவ்வளவு வரும்? தாள்ல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். 26 வாரம் மீதி இருக்கையில் முழுத் தவணையும் கூட்டி 31,000 என்று எழுதினால், விட்டுவிடுங்கள். முன்கூட்டிக் கட்டுவதில் ஒரு சதமும் மிஞ்சாது. வாராவாரம் கட்டிக்கொண்டு, மிச்சக் காசை வேறு கடனில் போடுங்கள். 25,000, 26,000 என்று எழுதினால் மட்டும் யோசிக்கலாம்.

குழுப் பிணை என்று ஒன்று உண்டு. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். உங்கள் திட்டத்தை உடைக்கக்கூடியது அதுதான். குழுவில் யார் யாருக்கு வேறு எத்தனை கடன் என்பது கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், பேசுவதுதான் இல்லை. தவணை தவறுவது வீட்டோடு முடிவதுமில்லை. கடன் தகவல் பணியகத்தில், கிரிப் என்று எல்லோரும் சொல்வது, பதிவானால் பின்னால் வங்கியில் மலிவான கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

மலிவான காசைக் கொண்டு விலைகூடிய காசை வெட்டுவது

இதில் ஆக நல்லது தீபாவளி முற்பணம். அதற்கு வட்டி இல்லை. 15,000 எடுத்து, மாதம் 1,500 வீதம் பத்து மாதத்தில் கழிகிறது என்று வைப்போம். அந்த 15,000ஐப் பத்து வட்டிக் கடனில் போட்டால் மாதம் 1,500 வட்டி நிற்கும். நின்ற வட்டியும் சம்பளத்தில் கழிகிற தொகையும் ஒன்றுக்கொன்று சரி. கையில் வரும் காசு ஒரு ரூபாயும் குறையாமல் 15,000 ரூபாய்க் கடன் பத்து மாதத்தில் செத்துவிடுகிறது. ஒரே ஒரு வருடம் தீபாவளியைச் சிறிதாக வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுங்கள். பெரியவர்களுக்கு வேண்டாம். சொந்தக்காரர் பேசுவார்கள், பேசட்டும்.

அடுத்தது அடகு. இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற இடங்களில் வைத்தால் வட்டி நாள் கணக்குக்கு, நிற்கும் மீதிக்கு மட்டும். வீதம் மாறும், ஆண்டுக்கு 15 என்று வைத்துப் பார்ப்போம். 25,000க்கு முதல் மாத வட்டி 312 ரூபாய். வட்டிக்காரருக்கு 2,500. கழுத்திலோ காதிலோ இருப்பதைக் கழற்ற வலிக்கும், ஆனால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வலி அதைவிடப் பெரிது. வாரக் கடனுக்கும் இதே கணக்கைப் பார்க்கலாம். 26,000க்கு முடித்துத் தருகிறார்கள் என்றால், அதை அடகில் எடுத்து ஆறு மாதத்தில் சமமாகக் கட்டினால் வட்டி சுமார் 1,140. தவணையாக இழுத்தால் 31,000. மிச்சம் 3,800க்கு மேல்.

அடகில் கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒன்று, மாதாமாதம் கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் கட்டுவதில்லை. தவணை பெரும்பாலும் ஒரு வருடம். முடிந்ததும் ஏல அறிவித்தல் வரும். கடிதம் தோட்டத்து முகவரியில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும்போது நகை போய்விடும். அடகுச் சீட்டில் உள்ள கடைசித் தேதியைக் கலண்டரில் இரண்டு மாதம் முன்னால் குறித்து வையுங்கள். இரண்டு, தங்கம் விலை ஏறும்போது அதே நகைக்கு இன்னும் கூடக் காசு தருவார்கள். ஏற்றி வைக்க ஆசை வரும். தேவைக்கு மட்டும் எடுங்கள். மூன்றாவதுதான் பெரியது. வட்டிக்காரர் கணக்கு காலியானதும் அவரே கூப்பிட்டுத் திரும்பக் கொடுப்பார். நகையும் உள்ளே, வட்டியும் வெளியே என்று இரண்டு பக்கமும் ஓடும். அவர் முகத்தில் மறுபடி முழிக்காமலிருக்க முடியாது என்று தோன்றினால் அடகு வைக்காதீர்கள், மெதுவாகவே கட்டுங்கள்.

நகை இல்லாத வீட்டுக்குச் சங்கக் கடன் இருக்கிறது. சணச என்ற சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி, தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று எதில் அங்கத்தவரோ அதில் கேட்கலாம். ஆண்டுக்கு 18 என்றாலும் 25,000க்கு முதல் மாத வட்டி 375தான். பிணைக்கு இரண்டு பேர் வேண்டும், கொஞ்சக்காலம் சேமித்திருக்க வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு உதவாது, திட்டத்துக்கு உதவும்.

சேமலாப நிதியிலிருந்து 30 சதவீதத்தை எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்த வசதி வீடு, வைத்தியம் ஆகிய இரண்டுக்குத்தான். கடைக்கடனுக்கும் வட்டிக்கடனுக்கும் அது வராது. பொய்க் காகிதம் செய்து எடுத்துத் தருகிறோம் என்று கமிஷன் கேட்பவர்கள் பக்கம் போகாதீர்கள்.

ஆறாயிரம் எங்கிருந்து வரும்?

சிக்கனம் என்றதும் சாப்பாட்டில்தான் முதலில் கைவைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு பேர் விட்டுப்போனால் 1,350. மாதம் 12,000 ரூபாய்ச் சாமானை டவுனில் வாங்கி 8 சதவீதம் மிச்சம் பிடித்தால் 960. அதாவது மலிவு தேடி ஒரு வேலைநாளில் டவுனுக்குப் போனால் அந்த மாதத்து மிச்சம் முழுவதும் போய், மேலே 390 நட்டம். டவுன் பயணம் ஞாயிற்றுக்கிழமையில், மாதம் ஒருமுறை, இரண்டு மூன்று வீடு சேர்ந்து மூட்டையைக் கொண்டுவர ஓர் ஆட்டோ. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் டவுன் விலை உண்மையிலேயே மலிவு.

விறகா, கேஸா? நாலு பேர் உள்ள வீட்டில் எல்லாச் சமையலும் கேஸில் என்றால் 12.5 கிலோ சிலிண்டர் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ வரும். விறகு சும்மா கிடைக்கிறது என்பார்கள். பொறுக்கும் நேரத்தில் பேர் போகாதவரை சும்மாதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில், வெட்டி விழும் கிளையான மிலாறைச் சேர்த்து மழைக்கு முன் அடுக்கிவிட வேண்டும். மே மாத மழை தொடங்கிய பிறகு மேற்குப் பக்கத்தில் வெளியே எதுவும் காயாது. ஈர விறகு புகையைத்தான் தரும். அளவும் கூடப் பிடிக்கும், நெஞ்சுச்சளி மருந்துச் செலவு தனி. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அடுத்த வாரத்து விறகை அங்கே போடுங்கள். மூன்று கல் அடுப்பை விட்டு, இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்புக்கு மாறினால் ஒரே நெருப்பில் சோறும் வெந்நீரும் ஆகும். நல்ல ஏற்பாடு இரண்டையும் கலப்பதுதான்: பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குக் கூடும் கூட்டத்துக்கு, முந்திய அவசரத்தில் தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் கேஸ், மாலையில் சோறு, பருப்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் விறகு. அப்போது 5 கிலோ சிலிண்டரே போதும்.

பிரஷர் குக்கர் ஆடம்பரமல்ல, அதுவும் மலையில். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலையும் பயறும் இங்கே வேகாமல் அடம்பிடிக்கின்றன. இராத்திரி ஊறவைத்த கடலை திறந்த பானையில் ஒன்றரை மணி நேரம் பிடித்தால், குக்கரில் இருபது நிமிடம். கடனோடு இருக்கும்போது வாங்கத் தகுந்த ஒரே பாத்திரம் அதுதான். வாங்கும்போது வாய் ரப்பர் வளையத்தில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். முதலில் போவது அது.

கரண்டில் ஒரு கோடு இருக்கிறது: மாதம் 60 அலகு. அதைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை, நிலைக்கட்டணமும் கூடும். நாளுக்கு 2 அலகு என்று நினைவில் வையுங்கள். ஒன்றரை லீற்றர் கேத்தலை ஒருமுறை கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.14 அலகு, நாளுக்கு மூன்று முறை என்றால் மாதம் 12, 13 அலகு. 3 கிலோவாட் வெந்நீர் ஷவரில் ஒருவர் பத்து நிமிடம் நின்றால் அரை அலகு. நாலு பேர் நின்றால் அன்றைய பங்கு முழுவதும் தண்ணீரோடு ஓடிவிடும். 62, 65 என்று பில் வருகிற வீடுதான் கவனிக்க வேண்டியது. அங்கே ஐந்து அலகைக் குறைத்தால் விழும் காசு, 120 அலகு வீட்டில் ஐந்து குறைப்பதைப் போல அல்ல.

பாலுக்கு ஓர் எளிய அளவு. 400 கிராம் பால்மாப் பக்கற்றில் ஏறக்குறைய 3 லீற்றர் பால் கரைக்கலாம். அது 750 மில்லிலீற்றர் போத்தலில் நாலு. பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் நாலு போத்தல் விலை பக்கற் விலையைவிடக் குறைவென்றால் பசும்பால். பிள்ளையின் முட்டையிலும் பாலிலும் கைவைக்க வேண்டாம். வெற்றிலை, சாராயம், தினமும் போனுக்குப் போடும் சின்னச் சின்ன ரீலோட் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் எழுதிப் பார்த்த பிறகு முட்டைக்கு வாருங்கள். பெரும்பாலும் வரத் தேவையிருக்காது.

அடைத்த பிறகு காசை எங்கே வைப்பது

சீட்டா, வங்கியா? பத்துப் பேர், மாதம் 3,000, எடுக்கும்போது 30,000. குலுக்கல் சீட்டில் முதலில் விழுந்தால் வட்டியில்லாக் கடன், கடைசியில் விழுந்தால் சேமிப்பு. ஏலச்சீட்டு வேறு விஷயம். அவசரத்தில் கழிவு விட்டு எடுப்பது வட்டி கொடுப்பதுதான், பெயர் மட்டும் வேறு. சீட்டு உடைவது எடுத்தவர் கட்டாமல் விடும்போது. ஒரே நாளில் சம்பளம் வாங்குபவர்களாகப் பத்துப் பேர், சம்பளத்துக்கு மறுநாள் வசூல், எடுத்தவர் பெயர் எல்லோர் கையிலும் எழுத்தில். இந்த மூன்றும் இல்லாத சீட்டில் சேர வேண்டாம். வங்கியின் நன்மை யாரையும் நம்பத் தேவையில்லை என்பது. தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் தபாலகத்திலும் போடலாம். டவுனுக்கு இறங்காமல் சேமிக்க அது போதும்.

இரண்டையும் பிரித்துப் பயன்படுத்துங்கள். தேதி தெரிந்த செலவுக்குச் சீட்டு: தீபாவளி, திருவிழா, வருடத் தொடக்கத்தில் பாடசாலைக் கொப்பி, சப்பாத்து. தேதி தெரியாத செலவுக்கு வங்கி: ஆஸ்பத்திரி, சாவு வீடு, பேர் விழாத மாதம். வங்கியில் முதலில் சேர்க்க வேண்டியது ஒரு மாதச் சாமான் காசு, இந்தக் கணக்கில் 12,000. அது இருந்தால் வெயில் மாதத்தில் கொப்பியைத் திறக்க வேண்டியதில்லை. அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வருகிற வீடுகள் அந்தக் காசைத் தவணையோடு கட்டிவைக்காமல் இதற்கு ஒதுக்குவது நல்லது. வரும் தேதி தள்ளிப்போனாலும் தவணை தவறாது.

வாரக் கடனின் கடைசித் தவணையைக் கட்டும் நாளில், கணக்கு முடிந்ததற்கான கடிதம், பிணைக்குக் கொடுத்த ஆவணங்கள், தவணைப் புத்தகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே அதே மேசையில், ஒழுங்காகக் கட்டியவர் என்று சொல்லி, 50,000க்குப் பதில் 100,000 தருவதாகப் படிவத்தை நீட்டுவார்கள். தவணை 1,200க்குப் பதில் 2,400, மாதக் கணக்கில் 10,400. அந்தப் படிவத்துக்கான பதிலைக் கூட்டத்துக்குப் போகும் முன்பே வீட்டில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு போங்கள். குழுவில் மற்றவர் கடனுக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்டாலும் அதே பதில்தான்.